விமானந்தாங்கிக் கப்பலும் நம் தேயிலையும்
(பதுளையில் ஆற்றிய உரை)



கடலையே காணாத மலையில் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்பீர்கள். நாம் கொய்யும் கொழுந்து கப்பலேறினால்தானே நமக்குக் கஞ்சி?

1942 ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே, இங்கிருந்து பிபிலை வழியே இறங்கினால் எட்டும் மட்டக்களப்புக் கடலில், பிரித்தானியாவின் 'ஹெர்மிஸ்' மூழ்கியது. அதுவும் விமானந்தாங்கிதான், ஆனால், அன்று அதில் ஒரு விமானமும் இல்லை! உறை இருந்தது, வாள் இல்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வென்றவை மட்டும் வாழ்ந்தனவா? அவ்வைந்தில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் அழிந்தன.

அப்படியாயின் இக்கப்பல் வீணோ? அன்று. 1971 டிசம்பரில் இந்தியாவின் 'விக்ராந்த்' வங்கக் கடலில் நின்று, சிட்டகாங், காக்ஸ் பசார் துறைகளைத் தாக்கி, பாக்கிஸ்தான் படையின் கடல்வழியை அடைத்தது. அதை வேட்டையாட வந்த 'காசி' நீர்மூழ்கியோ விசாகப்பட்டினத்தருகே மூழ்கிப் போயிருந்தது.

வழியை அடைக்க வல்லது, திறந்துவைக்க வல்லதா? 2023 இறுதியில் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் வணிகக் கப்பல்களை ஏவுகணைகளாலும் ஆளில்லா விமானங்களாலும் தாக்கினர். அமெரிக்காவின் 'ஐசனோவர்' மாதக்கணக்கில் அங்கே நின்றது. ஹூதிகளால் அதை மூழ்கடிக்க முடியவில்லை. ஆயினும், வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சுற்றியே சென்றன! சூயஸ் வழியே ஐரோப்பா சேரவேண்டிய நம் தேயிலைக்கும் அந்தச் சுற்றுவழிதான். ஏறிய கப்பற்கூலியை எந்த விமானந்தாங்கியும் கட்டவில்லை, தோழர்களே!