மாலை நேரம் யாருக்கு?



வீட்டிலுள்ள மின்சாதனங்களைப் பற்றி இன்று கொஞ்சம் பேசலாம். எதை வாங்கலாம் என்று சொல்ல நான் வரவில்லை. எதை விடலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். தவணை கட்டி வாங்கிய பொருளையா விடச் சொல்கிறார் என்று வானொலியை அடைத்துவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் பால் வெட்டும் குடும்பத்தின் நாளைக் கணக்குப் பார்ப்போம். ரப்பர் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், மங்கில் விழும் பாலும் குறையும். அதனால்தான் கோழி கூவுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பும்போது உச்சி வெயில். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அவர்கள் திரும்பும்போது பெற்றோர் அசந்து தூங்குவார்கள். பிறகு துணி, கடை, காய்கறிப் பாத்தி. எல்லாரும் ஒரே கூரையின்கீழ் விழித்திருப்பது பொழுது சாய்ந்த பிறகுதான்.

அந்தப் பொழுதும் நம் நாட்டில் தாமதமாகத்தான் சாய்கிறது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். சூரியனைத் தள்ள முடியுமா? இருட்டும்போது ஏழரை மணி ஆகிவிடுகிறது. மறுநாள் விடியுமுன் எழவேண்டியவர்கள் பத்து மணிக்காவது படுக்கவேண்டும். மிச்சம் இரண்டரை மணி நேரம். ஒரு தமிழ்ப் படம் ஓடுகிற நேரம்! ஒரு படம் பார்த்தால் அன்றைய குடும்ப வாழ்க்கை முடிந்தது.

ஆகவே ஒரு சாதனத்தை எடைபோட ஒரே கேள்வி போதும். இது எங்களுக்கு நேரத்தைக் கொடுக்கிறதா, எங்கள் நேரத்தைத் தின்கிறதா? எரிவாயு அடுப்பு கொடுக்கிறது. துணி துவைக்கும் இயந்திரமும் கொடுக்கிறது. இவற்றை விடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அம்மியையும் விறகடுப்பையும் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர் அம்மி அரைத்ததும் இல்லை, ஈர விறகை ஊதியதும் இல்லை. காட்டில் வேலை செய்து வந்த கையோடு அடுப்பில் புகை குடித்தவர்கள் நம் தாய்மார்கள். அந்தச் சுமை குறைந்ததே நல்லது.

தொலைக்காட்சி வேறு வகை. நம் நாட்டில் அது 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1978இல் வண்ணம் வந்தது. தோட்டங்களில் முதலில் பெட்டி வைத்திருந்த வீட்டு வாசலில் லயமே கூடியது. பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் வாசல்கள் காலியாயின.

இதைக் கனடா நாட்டில் முறையாக ஆராய்ந்தே பார்த்தார்கள். மலை மறைப்பால் 1973 வரை தொலைக்காட்சி எட்டாத ஒரு சிற்றூர். அது வருவதற்கு முன்பும், வந்து இரண்டாண்டுகள் ஆன பிறகும் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். 1986இல் நூலாக வெளியிட்டார்கள். பிள்ளைகளின் சரளமான வாசிப்பும் புதிதாகச் சிந்திக்கும் திறனும் முன்பு மேலாக இருந்து பிறகு இறங்கின. விளையாட்டில் அடிதடி கூடியது. ஊர்க் கூட்டங்களுக்கும் சங்கங்களுக்கும் வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு நாடே வாரத்தில் ஒரு நாள் தொலைக்காட்சி இல்லாமல் இருந்த கதையும் உண்டு. ஐஸ்லாந்தில் 1966இல் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. 1983 வரை ஜூலை மாதம் முழுவதும் விடுமுறை. அதனால் யாரும் குறைந்துபோய்விடவில்லை.

இப்போது கைப்பேசி வந்திருக்கிறது. தொலைக்காட்சி குடும்பத்தை ஒரே பாயிலாவது உட்கார வைத்தது. ஒரே நகைச்சுவைக்குத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரித்தார்கள். கைப்பேசி ஆளுக்கொரு மூலையைக் கொடுக்கிறது. குழந்தை அழுதால் கையில் அதைத்தான் கொடுக்கிறோம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

அதற்காகக் கைப்பேசியைக் குப்பையில் போட முடியாது. பள்ளிச் செய்தி அதில்தான் வருகிறது. பட்டணத்துக்குப் போன மகன் அதில்தான் கூப்பிடுகிறான். நான் கேட்பது ஒரு மணி நேரம். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் எட்டிலிருந்து ஒன்பது வரை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எல்லாக் கைப்பேசிகளையும் ஒரு தட்டில் போட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலில் அப்பாவின் கைப்பேசி விழவேண்டும். பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆண்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் திண்ணையில் இருக்க, மனைவி மட்டும் பாத்திரம் கழுவினால் அவருக்குக் கிடைத்தது என்ன? முன்பு நாடகத்தையாவது கேட்டுக்கொண்டே கழுவினார். பாத்திரத்தை நீங்கள் எடுங்கள், அல்லது பிள்ளைகளோடு சேர்ந்து கழுவுங்கள். பேச்சு தானாக வரும்.

முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். என்ன பேசுவதென்று தெரியாது. சின்னவன் சிணுங்குவான், பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்போது வீட்டிலுள்ள பெரியவர்களைப் பேச விடுங்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவர்களைப் பினாங்குக்கு ஏற்றிவந்த ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரைதான் ஓடியது. அதில் பத்து வயதுப் பிள்ளையாக வந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. பலருக்கு எண்பதும் தாண்டிவிட்டது. சயாம் ரயில் பாதை வேலைக்கு 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் முதியவர்கள். போன அப்பா திரும்பி வராத வீட்டில் அம்மா எப்படிச் சமாளித்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்தத் திரையிலும் அது வராது. அவர்கள் போய்விட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

இன்று இரவே பாட்டியிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, முதலில் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தது? தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அதை எழுதட்டும். பழைய கணக்குப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் பக்கங்கள் போதும்.