எண் அன்று, எண் இல்லை



நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் கிராணியார் நாள்தோறும் பாலை நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவார். வெட்டிய பாலை மழை அடித்துச் சென்ற நாளுக்கு எடை சுழியம். ஆள் வேலைக்கு வராத நாளுக்கு எடை என்பதே கிடையாது. இரண்டும் ஒன்றல்ல. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், எஞ்சிய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற முற்படும் மாணவர் முதலில் இடறுவது இவ்விடத்திலேதான்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மூன்று நாள்களில் 18, 20, 22 கிலோ பால் கொணர்ந்தார். நான்காம் நாள் வரவில்லை. வெற்றிடத்தில் சுழியத்தை இட்டால் சராசரி 15. அவர் உழைத்த நாள்களின் சராசரியோ 20. நாம் இட்ட ஒரு சுழியம் உழைப்பாளியைச் சோம்பேறியாக்கி விடுகிறது.

கணினியில் பின்ன எண்களைக் கையாளும் முறையை வரையறுத்த ஐஇஇஇ 754 தரம் 1985இல் வெளிவந்தது. அதன் உருவாக்கத்தில் தலைநின்றவர் வில்லியம் கஹன். சுழியத்தைச் சுழியத்தால் வகுக்கும்போதும், குறை எண்ணுக்கு வர்க்கமூலம் காணும்போதும் விடையாகத் தர ஒரு தனி மதிப்பை அத்தரம் அமைத்தது. ‘எண் அன்று’ என்பதே அதன் பொருள். ‘நேன்’ என்பது அதன் சுருக்கப் பெயர்.

நேனுடன் எவ்வெண்ணைக் கூட்டினாலும் விடை நேனே. அது எதனினும் பெரிதன்று, சிறிதன்று. தனக்கே தான் நிகருமன்று. இவ்வியல்பே அதன் அடையாளம். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம், நேனைக் கண்டறிய ‘இஸ்நேன்’ என்னும் சோதனையைக் கணித நூலகத்தில் சேர்த்தது.

இங்கே நம் இலக்கணம் துணைநிற்கிறது. ‘இது ரப்பர் மரம் அன்று’ என்பது தன்மையை மறுப்பது. ‘இங்கே ரப்பர் மரம் இல்லை’ என்பது இருப்பை மறுப்பது. கணித நூலகமும் இவ்விரு மறுப்புகளுக்கிடையே நிற்கிறது. கூட்டலில் நேன் ‘அன்று’ எனப் பொருள்பட்டு, மொத்தத்தையே நேனாக்குகிறது. இரண்டனுள் பெரியதைத் தரும் ‘எஃப்மேக்ஸ்’ செயற்கூறோ அதனை ‘இல்லை’ எனக் கொண்டு, மற்றோர் எண்ணையே விடையாகத் தருகிறது. ஆகவே, எச்செயற்கூறு எப்பொருளைக் கொள்கிறது என்று அறிந்தே பயன்படுத்துதல் வேண்டும்.

நம் பதிவேட்டுக்கு வழி எளிது. வெற்றிடத்தில் நேனை இடுக. கூட்டும் முன் இஸ்நேனால் சோதித்து, அந்நாளைத் தொகையிலும் நாள் எண்ணிக்கையிலும் சேர்க்காது விடுக. 60ஐ 3ஆல் வகுக்க, 20 கிடைக்கும். விரைவு கருதி நேன் விதிகளைத் தளர்த்தும் கட்டளையுடன் நிரலைத் தொகுத்தால் இச்சோதனை பொய்க்கக்கூடும், அக்கட்டளையைத் தவிர்க்க.

அறியாததை அறியாதது என்றே எழுதிவைப்பதும் அறிவு நேர்மையாகும். அந்நேர்மைக்கு நம் முன்னோரின் உழைப்பு உரியது.