நின்றால் நடுங்கும் கார்
(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பார்க்கிங்கில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று சி பிளாக்கிலிருந்து புகார் வந்ததே, அது என் வண்டிதான். அன்றே மன்னிப்புக் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். ஏன் நாறியது என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

வண்டி 2003 மாடல் மாருதி எஸ்டீம். கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன். முந்தைய ஓனர் எல்.பி.ஜி. கிட் மாட்டி ஆர்.சி.யிலும் ஏற்றியிருந்தார். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. எட்டூர்வட்டம் டோல்கேட் வரிசையில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும், ஏ.சி. போட்டால் அணைந்துவிடும். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் திணறும்.

மெக்கானிக் தம்பி பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. புது பிளக் போட்டார், நான்கு நாள் நன்றாக இருந்தது, மறுபடி நடுக்கம். பிறகு பெட்ரோல் பம்ப் மாற்றினார், ஆறாயிரத்துக்கு மேல் போனது. அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. அடுத்து இன்ஜெக்டர் என்றார். அங்கேதான் நான் நிறுத்தினேன்.

சிவகாசியில் ஆப்செட் மெஷின் பராமரிப்பில் இருந்தவன் நான். ஃபீடர் பேப்பரைத் தூக்கவில்லை என்றால் உடனே பம்பைக் கழற்ற மாட்டோம். ரப்பர் ட்யூப்பில் எங்கே காற்று கசிகிறது என்று பார்ப்போம். காரிலும் அதே மாதிரி ஒரு ட்யூப் இருக்கிறது.

டேங்கில் உள்ள பம்ப் பெட்ரோலை இன்ஜெக்டர்கள் இருக்கும் குழாய்க்குத் தள்ளுகிறது. அந்தக் குழாயில் ரெகுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை அது டேங்குக்கே திருப்பி அனுப்பும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்குக் கீழே பெட்ரோல், மேலே இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் மெல்லிய வேக்யூம் ட்யூப். ஐடிலில் உறிஞ்சல் அதிகம் என்பதால் பிரஷர் கொஞ்சம் குறையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும்.

ஒரு நண்பரிடம் கேஜ் வாங்கி அளந்தேன். இந்த இன்ஜினுக்கு பம்ப் ஓடி இன்ஜின் நிற்கும்போது 2.7 முதல் 3.1 வரை இருக்க வேண்டும், ஐடிலில் 2.1 முதல் 2.6. அணைத்து ஒரு நிமிஷம் ஆனாலும் 2-க்குக் கீழே இறங்கக் கூடாது. பம்பு ஓடும்போது 2.8, ஐடிலில் 2.3, இரண்டும் சரி. அணைத்ததும்தான் கதை மாறியது. ஒரு நிமிஷத்தில் முள் 1-க்குக் கீழே போய்விட்டது. டேங்குக்குத் திரும்பும் ட்யூப்பைக் கிளாம்ப் போட்டு அடைத்தும் பார்த்தேன், அப்படியும் இறங்கியது. பம்போ புதுசு. அப்புறம் எங்கே போகிறது?

ரெகுலேட்டரின் வேக்யூம் ட்யூப்பை உருவினேன். காற்று மட்டும் இருக்க வேண்டிய ட்யூப், உள்ளே பெட்ரோல் ஈரம். சவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜெக்டரைக் கேட்காமலே பெட்ரோல் அந்த வழியாக இன்ஜினுக்குள் போயிருக்கிறது. கரி, நடுக்கம், சூட்டில் திணறல், வண்டியை நிறுத்தியதும் நாற்றம் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

இதைவிட வெட்கமான ஒன்று சொல்கிறேன். கேஸில் ஓட்டும்போதும் பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கேஸில் இன்ஜெக்டர்கள் வேலை செய்யாது, ஆனால் என் கிட்டில் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த முள்ளை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கேஜே தேவைப்பட்டிருக்காது. ‘கேஜ் பழசு அண்ணாச்சி, தப்பாகக் காட்டும்’ என்று மெக்கானிக் தம்பி சொன்னதை நம்பிவிட்டேன். சவ்வு ஏன் கிழிந்தது? கேஸ் கிட் சில தடவை பேக்ஃபயர் அடித்தது. அதனால் இருக்கலாம் என்பது என் ஊகம். இருபது வருஷ ரப்பர் தானாகவும் கிழியும்.

கேஸ் கிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் டேங்கைக் காலியாக விடாதீர்கள். பம்ப் குளிர்வது சுற்றியுள்ள பெட்ரோலால்தான். கேஸிலும் பம்ப் ஓடுகிற வண்டியில் டேங்க் வறண்டால் பம்ப் கருகிவிடும்.

கடைசியாக, நம் எல்லாருக்கும் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் ட்யூப்பை நம் பார்க்கிங்கில் யாரும் கழற்றக் கூடாது, மெக்கானிக் வந்து கழற்றினாலும் தடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவி லிஃப்ட் பக்கமும் மோட்டார் ரூம் பக்கமும் போகும். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஏன் பருத்திச் சட்டை போடச் சொல்கிறார்கள், ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் ஏன் விடுவதில்லை என்று அவர்களைக் கேளுங்கள். வெளியில் திறந்த வெளியில் கழற்றும்போதும், முதலில் பம்ப் ஃபியூஸை உருவி, இன்ஜினை அதுவாக அணையும் வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இணைப்பைத் துணியால் சுற்றிய பிறகுதான் தொட வேண்டும்.

புது ரெகுலேட்டர் போட்டாயிற்று. இப்போது நாற்றம் இல்லை, சி பிளாக் மேடம் நேற்று நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நானும் ஒரு கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஞாயிறு காலை வாருங்கள், ஆனால் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்.