எத்தனை வாற்று வேண்டும்?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாணி விழாவுக்கு முன்னர் நமது இசைக்குழுவுக்குக் கிற்றார் அம்பிளிபயர் ஒன்று வாங்குவதெனச் சென்ற கூட்டத்திலே தீர்மானித்தோம். எத்தகையதை வாங்கலாமெனப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். இவ்விடயத்தில் எனக்குள்ள தகுதி ஒன்றே. நான் ஒருமுறை பிழையானதை வாங்கியவன்.

பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணம் அது. கடையிலே 20 வாற்றுப் பெட்டியும் 100 வாற்றுப் பெட்டியும் அருகருகே இருந்தன. பெரியது ஐந்து மடங்கு ஒலிக்குமென எண்ணி அதனையே வாங்கினேன். வீட்டிலோ சத்தத் திருகியை ஒன்றுக்குமேல் திருப்ப முடியவில்லை. அடுத்த வீட்டு ஐயா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். ஒரு மாலை அவர் மகள் படலையடியில் வந்து நின்று, "தம்பி, அப்பாவுக்கு நெஞ்சு படபடக்குதாம், கொஞ்சம் குறையுங்கோ" என்றார். அவர் ஏசியிருந்தால் நானும் ஏதேனும் சொல்லியிருப்பேன், அவரோ மன்றாடினார். அன்று துணியால் மூடிய பெட்டி இன்றும் அப்படியே இருக்கிறது.

கணிதம் படிப்பித்தவனுக்குக் கணக்கே பிழைத்துவிட்டது. நமது செவி வாற்றை அவ்வாறு எண்ணுவதில்லை. வாற்று இருமடங்கானால் ஒலிமட்டம் 3 தெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வாற்று வேண்டும். ஆகவே 20க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு 7 தெசிபெல்தான். கேட்பவருக்கு அது இருமடங்குகூட அன்று. கிற்றாருக்கென்று செய்யப்படும் நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் ஒரு வாற்றிலேயே, ஒரு மீற்றர் தூரத்தில், 97 முதல் 100 தெசிபெல் வரை தரவல்லது. சிறிய அறைக்கு அதுவே மிஞ்சிய சத்தம். அந்த 97க்கும் 100க்கும் இடையிலுள்ள வேறுபாடு வாற்றை இரட்டிப்பதற்குச் சமமாதலால், கடைக்காரரிடம் வாற்றை மட்டும் விசாரிக்காது ஸ்பீக்கரையும் விசாரிக்கவேண்டும்.

அப்படியாயின் 100 வாற்றுப் பெட்டிகள் எதற்கு? 1965இல் நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கிலே 55,000 பேருக்குமேல் கூடியிருக்கப் பீற்றில்ஸ் குழுவினர் பாடினர். அவர்களிடம் 100 வாற்று வொக்ஸ் பெட்டிகள் இருந்தும் இரசிகரின் கூச்சலில் இசை அமிழ்ந்துபோயிற்று. நமது மண்டபத்திலோ நூற்றைம்பது கதிரைகள்! அன்றியும், இக்காலத்தில் பெரிய சபையிலே சிறிய பெட்டியின் முன்னால் ஒலிவாங்கியை வைத்து மண்டபத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வால்வுப் பெட்டியின் நாதம் இனியது என்பதை மறுக்கேன். ஆனால் அவ்வினிமை அதனை உரக்க முடுக்கும்போதுதான் நன்கு பிறக்கும். 5 வாற்று வால்வுப் பெட்டியே வீட்டில் அயலவரை எழுப்பிவிடும். பாரம் அதிகம். வால்வுகள் தேய்வன. ஸ்பீக்கரைத் தொடுக்காமல் அதனை இயக்கினால் உள்ளிருக்கும் மின்மாற்றி எரிந்துபோகலாம். பலர் கைபடும் சங்கப் பொருளுக்கு இது தோதன்று. அமெரிக்காவிலுள்ள உறவினர் மலிவாக அனுப்புவாரெனச் சிலர் சொன்னார்கள். அங்கு 120 வோல்ற், இங்கு 230 வோல்ற் என்பதை மறக்கலாகாது.

என் பரிந்துரை, பொஸ் நிறுவனத்தின் கட்டானா 50 போன்றதொரு பெட்டி. அதிலே அரை வாற்று, 25, 50 என மாற்றும் ஆளி உண்டு. வீட்டிலே அரை வாற்று. மண்டபத்தில் டிரம்ஸ் சேரும்போது 50. இரவுப் பயிற்சிக்கு ஹெட்போன் மாட்டும் துளையும் இருக்கிறது. எனக்கு அத்துளை ஒன்றிருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. தேவாரம் பாடுபவரின் ஒலிவாங்கியையோ கீபோட்டையோ இதிலே செருகவேண்டாம். மின் கிற்றாருக்கான ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்சுக்கு மேலுள்ள ஒலிகளை மிகக் குறைவாகவே தரும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மேன்மையான பதிகத்தை அவ்வாறு கேட்பது பாவம்.

வாங்கச் செல்பவர்கள் நமது கிற்றாரையே கொண்டுசெல்லுங்கள். சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து வாசித்துப் பாருங்கள். உரக்க வாசித்தால் எந்தப் பெட்டியும் கடையிலே நன்றாகத்தான் இருக்கும்.

என்னுடைய 100 வாற்றுப் பெட்டியைச் சங்கத்துக்கு மலிவாகத் தந்தாலென்ன என்று செயலாளர் நேற்றுக் கேட்டார். தரமாட்டேன். இம்மண்டபத்துக்குப் பின்னாலும் வீடுகள் இருக்கின்றன.