டப்பாவைக் காலியாகக் கொடுக்கலாமா?

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரி, பார்க்கிங் இரண்டையும் பற்றிப் பேசக் கூடாதாம். அதனால் டப்பாவைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்மிடம் எழுதி வைக்காத சட்டங்கள் நிறைய இருக்கின்றன. கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மொய் 500 வைத்தால் ஏதோ குறை, 501 வைத்தால் நிறைவு. அந்த ஒரு ரூபாயை ஒட்டியே கவர் விற்கிறார்கள். வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு, உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். என் பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கும் சிரிப்புதான்.

இருப்பதிலேயே கண்டிப்பான சட்டம், பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது. எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் டப்பா வருஷக் கணக்காக நடக்கிறது. முறுக்கு போனால் அதிரசம் வரும், அதிரசம் வந்தால் புளிக்காய்ச்சல் போகும். அடியில் வெட்டிய பேர் தேய்ந்துபோய், அது யார் வீட்டு டப்பா என்று இப்போது இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

போன ஆடிப்பெருக்கன்று எங்கள் பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவருக்குப் புளியோதரை கொடுத்தேன். மாமி காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டப்பா திரும்பி வரவில்லை, நானும் மறந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் லிஃப்டில் நின்றால் மாமா ஏறமாட்டார். முழங்கால் வலியோடு மூன்று மாடி படியேறுவார். என்ன கோபமோ என்று நாங்களும் ஒதுங்கிக்கொண்டோம். வருத்தமாகத்தான் இருந்தது.

நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கப் போனபோது பார்க்கிறேன், சாப்பாட்டு மேஜை மேல் என் டப்பா, பளபளவென்று துலக்கி வைத்திருக்கிறது. "அவ இருந்தா ஏதாவது போட்டுக் கொடுத்திருப்பா. எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். காலி டப்பாவை எப்படிம்மா நீட்டறது?" என்றார்.

இரண்டு மாதம் ஒரு மனிதர் படியேறியது இதற்காக!

ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் போதும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டம் சமையலறையைத் தாண்டி வரவே இல்லை.

இப்போதெல்லாம் தனியாக இருப்பவர்களுக்கு எது கொண்டுபோனாலும், "ஒரு தட்டு கொண்டாங்க" என்று கேட்டு, அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டு டப்பாவோடு வந்துவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். நம் நான்கு பிளாக்கிலும் தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மாமா மட்டும் டப்பாவை விட மறுக்கிறார். போன வாரம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அரை டப்பா சர்க்கரை. மூடியைத்தான் சரியாக மூடவில்லை. லிஃப்டில் எறும்பு என்று வாட்ஸ்அப் குழுவில் புகார் போட்டவர்கள் மன்னிக்கவும்.