வாபஸ் வாங்கினால் வாரியப் பதவி

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள். பிற்பகல் 3 மணிக்குக் கெடு முடிகிறது. ஆவடியோ அம்பத்தூரோ பூந்தமல்லியோ, எந்த ஊரானாலும் அந்தச் சில மணி நேரம் கட்சிக்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. சீட் கிடைக்காத கோபத்தில் சுயேச்சையாக மனுப் போட்டவர் வீட்டுக்குப் பெரிய ஆட்கள் வருவார்கள். "இப்போ விட்டுக்கொடுங்க. ஆட்சி வந்ததும் வாரியத்துல ஒரு இடம் பார்த்துக்கலாம். தலைமை உங்களை மறக்காது" என்பார்கள். மூன்று மணிக்குள் அவர் வாபஸ் வாங்கிவிடுவார். பணம் கைமாறியிருந்தால் ஊரே கொதித்திருக்கும். பதவி என்றதும் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 123-ஆவது பிரிவு தேர்தல் முறைகேடுகளைச் சொல்கிறது. முதலில் வருவது லஞ்சம். வாக்காளருக்குக் கொடுப்பது மட்டும்தான் லஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவரைத் தேர்தலில் நிற்க வைக்கவோ, நிற்காமல் தடுக்கவோ, போட்ட மனுவை வாபஸ் வாங்க வைக்கவோ, வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறு யாரோ எதைக் கொடுத்தாலும், கொடுப்பதாகச் சொன்னாலும் லஞ்சம்தான். அதற்குச் சம்மதிப்பவரும் முறைகேடு செய்தவரே. கொடுப்பது பணமாக இருக்க வேண்டியதில்லை, ஊதியம் உள்ள எந்த வேலையும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. குற்றவியல் சட்டத்திலும் இது 1920-லிருந்து இருக்கிறது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளில் பார்க்கலாம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கும் உங்கள் வார்டு தேர்தலுக்கும் அந்தப் பிரிவுகள் பொருந்தும்.

போட்டியிலிருந்து விலகும் ஒருவருக்கு ஏன் இத்தனை மதிப்பு? 2016 சட்டமன்றத் தேர்தலில் ஆவடித் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 1,395 வாக்குகள். அதே ஆண்டு கேரளத்தின் மஞ்சேஸ்வரத்தில் வெறும் 89. அங்கே தோற்றவர் பாஜகவின் கே. சுரேந்திரன். பெயரில் அவரை ஒத்திருந்த கே. சுந்தரா, பகுஜன் சமாஜ் கட்சி சார்பில் 467 வாக்குகள் வாங்கியிருந்தார். 2021-இல் சுந்தரா மனுவை வாபஸ் வாங்கினார். தனக்கு பாஜக தரப்பில் இரண்டரை லட்சம் ரூபாயும் ஒரு செல்போனும் தரப்பட்டதாகப் பிறகு அவரே வெளியில் சொன்னார். சுரேந்திரன் மறுத்தார். வழக்குப் பதிவானது. விசாரணை தொடங்கும் முன்பே, 2024 அக்டோபரில் காசர்கோடு நீதிமன்றம் சுரேந்திரனையும் மற்றவர்களையும் விடுவித்தது. பணம், செல்போன் என்று கையால் தொடக்கூடிய பொருளைச் சொன்ன வழக்கே விசாரணை மேடை ஏறவில்லை. கூடத்தில் உட்கார்ந்து வாயால் சொன்ன பதவிக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது?

அமெரிக்காவில் 2010-இல் ஒன்று நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் செனட் இடத்துக்கு, ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். ஒபாமாவின் வெள்ளை மாளிகை ஆர்லன் ஸ்பெக்டரை ஆதரித்தது. எதிர்த்து நின்ற ஜோ செஸ்டாக்கிடம், முன்னாள் அதிபர் கிளின்டன் மூலமாக ஓர் ஆலோசனைக் குழுப் பதவி பற்றிப் பேசியதை வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. சம்பளம் இல்லாத பதவிதானே, சட்டமீறல் எங்கே என்று கேட்டது. செஸ்டாக் விலகாமல் நின்று ஸ்பெக்டரைத் தோற்கடித்தார்.

சம்பளம் இல்லை என்ற அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் ஒரு வாரியத் தலைவர் நாற்காலிக்கு அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள். கையெழுத்துக்கு மதிப்பு வருகிறது. அந்த நாற்காலி கட்சியின் சொத்தும் இல்லை. ஒருவரை வட்டச் செயலாளர் ஆக்குவது கட்சியின் பாடு. வாரியம் நம் வரிப்பணத்தில் நடப்பது. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேரவே நம் பிள்ளைகள் குரூப் 4 தேர்வுக்கு வருடக்கணக்கில் படிக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு இரவில் புத்தகத்தைப் பிரிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மேலே உட்காரும் பதவி, போட்டியிலிருந்து ஒதுங்கியதற்கான கூலியாகப் போகலாமா?

அப்படியானால் கூட்டணிப் பேரமும் தப்பா என்று நீங்கள் கேட்கலாம். 2022-இல் ஆவடி மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்தது, 48 வார்டுகள். துணை மேயர் பதவியை மதிமுகவுக்கு ஒதுக்குவதாக திமுக வெளிப்படையாக அறிவித்தது. பல ஊர்களில் கூட்டணிக்கு விட்ட இடங்களில் கட்சிக்காரர்களே போட்டியிட்டு வென்றபோது, பதவி விலகச் சொன்னார் முதலமைச்சர் ஸ்டாலின். இதில் பிடிக்காதது இருக்கலாம். ஆனாலும் எந்தக் கட்சிக்கு என்ன போகிறது என்பது ஊரறிய நடந்தது, கடைசியில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தே ஆள் வந்தார். கட்சிகளின் இலவச வாக்குறுதி பற்றிய தமிழ்நாட்டு வழக்கில், 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் பொதுவாகச் சொல்லும் வாக்குறுதி 123-இன் கீழ் முறைகேடு ஆகாது என்றது. பொதுவில் சொல்வதைப் பொறுக்கலாம். ஒருவர் காதில் மட்டும் சொல்வதுதான் நம் தேர்வைத் திருடுகிறது. விலகியவருக்கு வாக்களிக்க நினைத்திருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

பதவி காட்டி ஆள் இழுப்பதைச் சட்டம் ஏற்கெனவே ஓரிடத்தில் தடுத்திருக்கிறது. பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்த 18 எம்எல்ஏக்களில் பூந்தமல்லி எம்எல்ஏவும் ஒருவர். 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை தொகுதிக்கு எம்எல்ஏ இல்லை. இப்படி கட்சித் தாவல் சட்டத்தில் தகுதி இழந்தவர், அந்த அவையின் காலம் முடியும்வரை, அல்லது மறுபடி ஜெயிக்கும்வரை, ஊதியமுள்ள அரசியல் பதவி எதிலும் அமர முடியாது. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 361பி பிரிவு இதைச் சொல்கிறது. பதவி காட்டி எம்எல்ஏவை இழுக்கலாம் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. வேட்பாளரையும் அப்படியே இழுக்கலாமே?

அதே விதியை வாபஸ் வாங்கியவருக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. மனுவைத் திரும்பப் பெற்றவருக்கு, அந்த மன்றத்தின் ஐந்தாண்டு முடியும்வரை அரசு நியமிக்கும் பதவி எதுவும் கிடையாது என்று எழுதிவிட்டால் போதும். யார் வீட்டுக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்று நிரூபிக்க வேண்டிய பாரமே இருக்காது. உடல்நலத்துக்காகவோ மனம் மாறியோ உண்மையாகவே விலகியவர்களும் இதில் சிக்குவார்கள்தான். அவர்கள் இழப்பது நியமனப் பதவியை மட்டும். அடுத்த தேர்தலில் நிற்கும் உரிமை அப்படியே இருக்கும்.

சட்டம் வரும்வரை ஒன்று செய்யலாம். வாபஸ் வாங்கியவர்களின் விவரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரிய நியமன அரசாணைகள் வரும்போது, அதில் உள்ள பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால், உங்கள் வார்டு கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள்.