வழி மாறிய சூரியப் புயல்



2010 ஜனவரி 15-இல் தனுஷ்கோடியில் நின்று கங்கண கிரகணம் பார்த்தோமே, அதே சூரியன்தான். 2014 ஜனவரி 7-இல் நமக்கு நேர் எதிரே வெடித்தது. பூமியைப் பலமாகத் தாக்கும் என்றார்கள். ஓரம் உரசியதோடு சரி! பக்கத்திலிருந்த வலுவான காந்தப்புலம் தள்ளிவிட, புயல் செவ்வாய் இருந்த பக்கம் திரும்பிவிட்டது. பாம்பனில் நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம்ம படகுகள் ஜி.பி.எஸ். பார்த்துத்தான் எல்லைக்கோட்டை அறிகின்றன. சூரியப் புயலில் அது தடுமாறலாம். எல்லை தாண்டினால் என்ன ஆகுமென்று இந்த ஊரில் சொல்லவேண்டுமா?

2024 ஜனவரி 6-இல் ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் போய் நின்றது. அதிலுள்ள காந்தமானி புயலைத் தொட்டுப் பார்ப்பது, நம்மை அடைய ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும்போதுதான். வெடித்த உடனேயே திசையைக் கணிப்பது இன்னும் கஷ்டமான கணக்கு. ஆர்வமுள்ளவர்கள் சாயங்காலம் என்னை வந்து பாருங்கள்.